மீன் வாடை அடித்த கேள்விப் பெட்டி

குழந்தைசாமி அந்தச் சபதத்தை எடுத்தது புரட்டாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மற்றவர்கள் சபதத்தை மனசுக்குள் எடுப்பார்கள். மிஞ்சிப் போனால் சாமி முன்னால் சூடம் ஏற்றி எடுப்பார்கள். இவன் மைக்கில் எடுத்தான். மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு வேறு எதில் எடுக்கத் தெரியும்?

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்தக் கிளாஸ் நம்ம பள்ளிக்கூடத்துல நடக்காது!"

புதுசாக வாங்கிய ஒலிபெருக்கிக் குழாயைச் சோதிக்கிற சாக்கில்தான் சொன்னான். சத்தம் வயலைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி, குடுமியான்மலை வரைக்கும் போய் மலையில் முட்டித் திரும்பி வந்தது. மூன்று ஊருக்குக் கேட்டது. உள்ளே பத்தடி தூரத்தில் அடுப்படியில் நின்ற மணிமேகலைக்கு மட்டும் கேட்டதாகத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு காது வாய்த்திருந்தது.

"நான் சபதம் எடுத்திருக்கேன்டி" என்றான், உள்ளே வந்து.

"எடுத்தத எடுத்த எடத்துல வச்சிட்டு வாங்க. சாப்பிட்டுட்டுப் போய் மறுபடி எடுத்துக்கலாம். கொழம்பு ஆறுது."

"மூணு ஊருக்குக் கேட்டிருக்கு!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மூணாவது ஊர்லேருந்து போன்கூட வந்துச்சு. என்னக்கா கிளாஸு, எங்க பிள்ளைகளையும் சேத்துக்குவாங்களான்னு."

குழந்தைசாமி தட்டின் முன்னால் உட்கார்ந்தான். சபதம் எடுத்த கையோடு விளம்பரமும் செய்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினான்.

அந்தக் கிளாஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளரிளம் பருவக் கல்வி என்று கடுதாசியில் போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு வளர்கிற வயசில் உடம்பு எப்படி மாறும், மனசு எப்படி மாறும், யாராவது தொட்டால் எங்கே சொல்வது, கல்யாணம் எப்போது, பிள்ளைப்பேறு என்றால் என்ன, இதையெல்லாம் வயசுக்குத் தகுந்தபடி சொல்லித் தருகிற பாடம். ஆறு நாட்டு வாத்தியார்கள் கூடி எழுதியது. நார்வேயில் பேசி, கென்யாவில் எழுதி, கொழும்பில் திருத்தி, போன வருஷம் ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நடத்திப் பார்த்துவிட்டு, இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற இந்த ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சொல்லித் தர அருள்மணி என்ற நர்ஸம்மா வந்தாள். கூடவே கென்யாவிலிருந்து ஒரு டீச்சர். பெயர் அச்சியெங். ஏரிக்கரை மீன்பிடிக் கிராமத்துக்காரி. புதுக்கோட்டைச் சீமைக்கு வந்த இரண்டாம் நாளே ஜனங்கள் அவளை ஆச்சி டீச்சர் ஆக்கிவிட்டார்கள்.

குழந்தைசாமி அந்தப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. கூட்டத்துக்கு யார் சும்மா மைக் கொண்டுவருகிறாரோ அவரே தலைவர் என்று பேசாமலே முடிவாகியிருந்தது. மணிமேகலை அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரே மகள் சுடர்விழி அங்கேதான் ஒன்பதாவது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் மணிமேகலை ஒரு தாளை நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. சுடர் அந்தக் கிளாஸ்ல ஒக்கார பெத்தவங்க சம்மதம் வேணுமாம்."

"நான் இப்பத்தான் கத்திட்டு வந்தேன்..."

"அது ஊருக்கு. இது வீட்டுக்கு."

"பொம்பளப் பிள்ளைக்கு ஒடம்புல என்ன நடக்குதுன்னு ஊருக்கு நடுவுல வச்சுப் பேசுவாங்களாம். அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாம். வெக்கமா இல்ல?"

மணிமேகலை எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே கோழிக்கூண்டு. கூண்டின் மேல் மழைக்குப் போர்த்தியிருந்த பிளெக்ஸ்.

அது சாதாரண பிளெக்ஸ் இல்லை. போன வருஷம் சுடர்விழி பெரியவளானபோது, மைக் செட்டோடு பிளெக்ஸ் ஆர்டரும் எடுக்கிற அப்பன் சொந்த மகளுக்காகத் தானே நின்று அடித்து வாங்கி வந்தது. இருபதுக்குப் பத்து. நடுவில் சுடர்விழி கிரீடம் வைத்துத் தாமரைப் பூ மேல் நிற்பாள். சுற்றிலும் மாமன்மார் பதினேழு பேர், கறுப்புக் கண்ணாடி போட்டு, போனைக் காதில் வைத்தபடி. பஸ் ஸ்டாப்பில் பதினைந்து நாள் நின்றது. திருச்சி போகிற பஸ்காரன்கூட வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போனான். விழாவன்று எட்டுக் குழாய். இப்போது அதே பிளெக்ஸ் கூண்டின் மேல் கிடந்தது. படம் போட்ட பக்கத்தை யாரோ கீழே திருப்பிப் போட்டிருந்தார்கள். கோழிகள் மட்டும் அண்ணாந்து பார்க்கலாம். காற்று புரட்டியிருக்கும் என்று குழந்தைசாமி நினைத்திருந்தான்.

"இருபதடிக்கு நீங்க அடிச்சு நிறுத்துனப்ப வராத வெக்கம், ஒரு நர்ஸம்மா கதவச் சாத்திக்கிட்டு மெதுவாச் சொன்னா வந்துருமா?"

"அது சடங்கு. இது பாடம்."

"சரி. சடங்குல அவளுக்கு என்ன சொல்லிக் குடுத்தோம்?"

குழந்தைசாமி யோசித்தான். நாற்பத்தோரு தட்டு சீர் வந்தது ஞாபகம் இருந்தது. வாணவேடிக்கை ஞாபகம் இருந்தது. சொல்லிக் கொடுத்ததாக ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஆம்ப்ளிஃபயர்ல என்னமோ கரகரன்னு வருது, பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தான்.

வீட்டில் பதில் இல்லாத கேள்வி வரும்போதெல்லாம் அவனுடைய ஆம்ப்ளிஃபயரில் கரகர சத்தம் வரும். அது பழைய வியாதி. நடுவீட்டு உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. அதில் எப்போதும் ஒயர்ச் சுருளைத் தொங்கப் போட்டிருப்பான். அது ஒயர் மாட்ட அடித்த கொக்கி இல்லை. சுடர்விழி பிறப்பதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தலைப்பிள்ளையின் தொட்டிலுக்காக அவசரப்பட்டு அடித்தது. அந்தத் தொட்டில் கட்டப்படவே இல்லை. அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழுந்ததும் இல்லை. எழப்போகிற மாதிரி இருந்தால் கரகர சத்தம் வந்துவிடும்.

ஐயனாரின் டீக்கடைதான் குழந்தைசாமிக்குக் கோர்ட்டு. ஐயனாரே வக்கீல்.

"அண்ணே, சும்மா கத்துனா வேலைக்கு ஆகாது" என்றான் ஐயனார், டீயை ஆற்றிக்கொண்டே. "இன்னைக்கு மொத நாள் கூட்டத்துல ஒரு பெட்டி வச்சாங்கள்ல? பிள்ளைங்க, தாய்மாருங்க எல்லாம் பேர் போடாம சீட்டு எழுதிப் போட்டாங்கள்ல?"

"ஆமா. சிரிச்சுக்கிட்டே போட்டுச்சுங்க. நான் வெளிய ஆம்ப்ளிஃபயர்கிட்ட ஒக்காந்து பாத்தேன்."

"என்ன எழுதியிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? அம்புட்டும் அசிங்கமா இருக்கும். நீங்க அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வாங்க. திங்கக்கிழமை பெத்தவங்க கூட்டத்துல நாலே நாலு சீட்ட உங்க கொரல்ல மைக்குல வாசிங்க. அப்பறம் பாருங்க. ஊரு பெஞ்ச ஒடைக்கும். நார்வேக்கு அந்தப் பக்கம் நாடு இருந்தா அதுவும் சேந்து ஓடும்."

குழந்தைசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு மூளை டீக்கடையில் வீணாகிறதே என்று இன்னொரு டீ சொன்னான்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கும் மறுநாள் மத்தியானம் தானாகவே விடை வந்தது. சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. சாம்பார் ஊற்றிக்கொண்டே மணிமேகலை சொன்னாள்.

"அந்தக் கேள்விப் பெட்டிய என்ன பண்றதுன்னு தெரியாம எங்க ஸ்டோர் ரூம்ல கொண்டாந்து வச்சுட்டாங்க. அரிசி மூட்டைக்குப் பின்னாடி. அதுக்குப் பூட்டுகூடக் கெடையாது. திங்கக்கிழமை வரைக்கும் எலி கடிக்காம இருக்கணும்."

"ஓ" என்றான் குழந்தைசாமி, அக்கறை இல்லாதவனைப் போல. இன்னொரு அப்பளம் கேட்டான்.

"ரெண்டு நாளா இடுப்பு உறுத்துது. சாவிய இந்த ஆணியில மாட்டுறேன். நான் செத்த படுக்குறேன்."

எட்டு வருஷமாக அவள் இடுப்பை விட்டு இறங்காத சாவி. குளிக்கும்போதுகூட ஈரச் சேலையில் முடிந்திருக்கிற சாவி. அன்றைக்கு ஆணியில் தொங்கி, ஃபேன் காற்றில் ஆடி அவனைக் கூப்பிட்டது. ஐந்து நிமிஷத்தில் பாயிலிருந்து குறட்டை கேட்டது. கொர்ரென்று, தாளம் தப்பாத குறட்டை. சுடர்விழி டியூஷனுக்குப் போயிருந்தாள். குழந்தைசாமி பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டு சாவியை எடுத்தான். எல்லாம் கூடி வருகிறதே என்று நினைத்தானே தவிர, எப்படிக் கூடி வருகிறது என்று நினைக்கவில்லை.

ஸ்டோர் ரூம் இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் பெட்டி இருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் போட்டு மீன் வைக்கிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. மூடியில் கத்தியால் ஒரு வாய் கீறியிருந்தார்கள். கடற்கரையில் பாடம் நடந்தபோது கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார்கள். அதே பெட்டி இங்கேயும் வந்துவிட்டது. திறந்ததும் பத்து வருஷத்து மீன் வாடை முகத்தில் அடித்தது. புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமாகக் குழந்தைசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டான்.

வெள்ளைச் சீட்டு நம் பிள்ளைகள் எழுதியது. நீலச் சீட்டு ஆச்சி டீச்சர் ஊர்ப் பிள்ளைகள் எழுதி அனுப்பியது. நீலத்துக்குக் கீழே அருள்மணி தமிழில் எழுதியிருந்தாள். இங்கே உள்ள கேள்வி அங்கே போகும், அங்கே உள்ளது இங்கே வரும், அப்படித்தான் அந்தப் பாடம்.

ஒத்திகை பார்க்க வேண்டாமா? குழந்தைசாமி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தான். அரிசி அளக்கிற படியை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்தான். தொண்டையைச் செருமினான்.

"அன்பார்ந்த பெற்றோர்களே! தாய்மார்களே! இந்தப் பெட்டியிலே இருக்கிற அநியாயத்தை இப்போது கேளுங்கள்!"

முதல் சீட்டைப் பிரித்து உரக்க வாசித்தான்.

"ரத்தம் வந்தா செத்துருவமா? ரெண்டு நாளா யார்ட்டயும் சொல்லல. துணிய ஒளிச்சு வச்சிருக்கேன்."

குரல் பாதியில் இறங்கிவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. கோடு போட்ட தாளில், கோட்டைத் தாண்டாமல். இது வேண்டாம், அடுத்தது எடுப்போம்.

"எனக்குக் குரல் ஒடஞ்சு போச்சு. பாட்டுப் போட்டியிலேருந்து எடுத்துட்டாங்க. இது நோயா? பழைய குரல் திரும்ப வருமா?"

குழந்தைசாமி படியைக் கீழே இறக்கினான். அவனுக்கும் பதினாலு வயசில் குரல் உடைந்தது. எழுந்து பாடம் ஒப்பித்தபோது வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் மைக் இல்லாமல் நாலு பேருக்கு முன்னால் அவன் வாய் திறந்ததில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதும் இல்லை.

"பஸ்ல ஒருத்தர் தெனமும் ஒரசிக்கிட்டே நிக்கிறார். கத்துனா அவரத் திட்டுவாங்களா, என்னத் திட்டுவாங்களா?"

அடுத்தது நீலம். "என்னைக் கட்டிக் கொடுக்கப் பேசுறாங்க. எனக்கு வயசு பதினஞ்சு. எப்படி வேண்டாம்னு சொன்னா அடி விழாது?"

அடுத்தது வெள்ளை. அதிலும் அதே கேள்வி. ஏறக்குறைய அதே வார்த்தை. தவறி இரண்டு தரம் போட்டுவிட்டார்களா என்று திருப்பிப் பார்த்தான். இல்லை. ஒன்று ஆப்பிரிக்காவில் ஓர் ஏரிக்கரையிலிருந்து கடலைத் தாண்டி வந்திருக்கிறது. இன்னொன்று இரண்டு தெரு தள்ளி இருந்து வந்திருக்கிறது. எந்தத் தெரு என்றுதான் தெரியவில்லை.

அசிங்கத்தைத் தேடினான். குடைந்து குடைந்து தேடினான். ஒரே ஒரு சீட்டில் ஏதோ கோணல் படம் வரைந்து கீழே "ஹி ஹி" என்று எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஊரைப் பெஞ்சை உடைக்க வைக்க முடியாது.

அப்புறம் ஒரு சீட்டு. சாய்வில்லாத, குண்டுக் குண்டு எழுத்து. இந்த எழுத்தில்தான் சுடர்விழி அவன் கடைக்குப் பில் எழுதித் தருவாள்.

"எங்க அப்பா நல்லவர். ஆனா நான் பெரியவளானத பிளெக்ஸ் அடிச்சு பஸ் ஸ்டாப்புல வச்சாரு. கிளாஸ்ல பசங்க என்னத் தாமரைன்னுதான் கூப்பிடுறாங்க. அப்பா ஆசையா அடிச்சது. அவர் மனசு கஷ்டப்படாம இத எப்படிச் சொல்றது?"

காற்று புரட்டவில்லை. சுடர்விழிதான் திருப்பிப் போட்டிருக்கிறாள். அவன் வருத்தப்படக்கூடாது என்று கிழிக்காமல், கோழிக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

போதும் என்று மூடப் போனான். மேலாக ஒரு தாள் மூடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. முட்டை வரவு எழுதுகிற சத்துணவுத் தாளின் பின்பக்கம். இந்த எழுத்தை அடையாளம் காணக் குழந்தைசாமிக்கு ஒரு கண் போதும். இருபத்திநாலு வருஷமாகப் பால் கணக்கிலும் காலண்டரிலும் பார்க்கிற எழுத்து.

"எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. ஏழாம் மாசம். லேசா ரத்தம் பட்டுச்சு. எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். இதெல்லாம் எங்கிட்டப் பேசுற பேச்சா, பொம்பளைங்க யார்ட்டயாவது சொல்லுன்னுட்டு மைக் செட்ட ஏத்திக்கிட்டு திருக்கோகர்ணம் திருவிழாவுக்குப் போயிட்டாரு. எனக்கு வேற யார்ட்டயும் சொல்ல வெக்கம். வலி எடுத்த பெறகுதான் சொன்னேன். பிள்ள பொறந்து ஒரு நாள் இருந்துச்சு. அவர் வந்தப்ப இல்ல. அவரக் குத்தம் சொல்லல. அவருக்கும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. என் கேள்வி ஒண்ணுதான். நான் யார்ட்ட சொல்லியிருக்கணும்?"

குழந்தைசாமி அந்தத் தாளை நாலு முறை படித்தான். சொன்னது அவனுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. அல்வாப் பொட்டலத்தோடு வீடு திரும்பியது ஞாபகம் இருந்தது. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது ஞாபகம் இருந்தது. பெண் பிள்ளை என்று யாரோ சொன்னது, அவள் உடம்புக்குப் பிள்ளை தங்காது என்று மணிமேகலையின் காது படவே ஊர் பேசியது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், வாசற்படியில் வைத்துச் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவனுக்கு ஞாபகம் இல்லை. அவள் அதை இருபத்திமூணு வருஷம் வைத்திருந்திருக்கிறாள்.

மூன்று ஊருக்குக் கேட்கிற தொண்டை. அன்றைக்கு அரிசி மூட்டைக்கு நடுவே அது அழுதது சுவருக்குக்கூடக் கேட்காது என்று அவன் நம்பினான்.

அந்தத் தாளை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றதைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தான். பாயில் மணிமேகலை இல்லை. சாவியை ஆணியில் மாட்டினான். செத்த நேரம் கழித்து அவள் கொல்லைப் பக்கமிருந்து வந்தாள்.

"கோழிக்கு இரை போடப் போனேன். எங்க போயிட்டு வாரீங்க?"

"சும்மா... அங்கிட்டு... ஐயனார் கடைக்கு."

மூக்கைச் சுருக்கினாள்.

"ஐயனார் டீக்கடையில எப்பலேருந்து மீன் விக்கிறாரு?"

"என்ன மீன்?"

"புரட்டாசி சனிக்கிழமை. பெருமாளுக்கு வெரதம். இப்படி ஜெகதாப்பட்டினம் ஏலக்கூடம் கணக்கா வாடையடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்க?"

"அது... வழியில மீன்காரன் வண்டி மேல ஒரசிருச்சு."

"பாவம். கண்ணுலயும் ஒரசிருச்சு போல. செவந்து கெடக்கு" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவன் மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தான். வாடை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைசாமி கோழிக்கூண்டிலிருந்து பிளெக்ஸை எடுத்து மடித்துப் பரணில் போட்டுவிட்டு, கூண்டுக்குப் புதுசாக ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிக் கட்டினான். சுடர்விழி பார்த்தாள். தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. சபதத்தைக் கேட்ட மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஐயனார் முதல் வரிசையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, உடைக்கத் தோதாக ஒரு கையை அதில் வைத்திருந்தான். குழந்தைசாமி மைக்கைப் பிடித்தான்.

"அன்பார்ந்த பெற்றோர்களே. நான் வெள்ளிக்கிழமை ஒண்ணு சொன்னேன். உங்களுக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார்கள்.

"அது மைக் கோளாறு."

கூட்டம் முழித்தது. "கிளாஸ் நடக்கட்டும். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. அப்பன்மாரு யாரும் எந்திரிச்சுப் போக வேணாம். ஒக்காந்து கேளுங்க." அவ்வளவுதான். அவன் வாழ்நாளில் மைக்கைப் பிடித்து நாலே வார்த்தையில் விட்டது அன்றுதான். ஐயனார் பெஞ்சிலிருந்து கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

அருள்மணி ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசித்துப் பதில் சொன்னாள். ரத்தம் வந்தால் சாக மாட்டோம் கண்ணு என்றாள். குரல் புதுசாக வரும், பழசை விட நன்றாக இருக்கும் என்றாள். பஸ்ஸில் தைரியமாகக் கத்து, திட்டு உனக்கு விழாது, விழுந்தால் நாங்கள் வருகிறோம் என்றாள். எப்படி வேண்டாம் என்று சொல்வது என்ற கேள்வி வந்ததும், பெண்ணைக் காப்பாற்றக் கூப்பிடுகிற போன் நம்பரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள். அதை எத்தனை பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள் என்று குழந்தைசாமி தலையை எண்ணிப் பார்த்தான்.

தாமரைச் சீட்டை மட்டும் அருள்மணி தனக்குள் படித்து, இதற்குத் தனியாகச் சொல்கிறேன் என்று மடித்து வைத்துக்கொண்டாள். பெட்டி காலியானது. கடைசி வரிசையில் மணிமேகலை உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கேள்வியை யாரும் வாசிக்கவில்லை. அது அவன் சட்டைப் பையில் இருந்தது. இருபத்திமூணு வருஷம் கழித்து ஒருத்தி வாய் திறந்து கேட்டிருக்கிறாள், அதையும் திருடி வைத்திருக்கிறோமே என்று அவனால் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"இந்தா."

"இது எதுக்கு இப்ப? நான் வியாழக்கிழமையே போட்டுக் குடுத்துட்டேன். அம்மா கையெழுத்து இருந்தாலே போதுமாம். சுடர் பேரு மொத ஆளாச் சேந்துருச்சு."

"பின்ன எங்கிட்ட எதுக்கு நீட்டுன?"

"நீட்டுனாத்தான நீங்க கோவப்படுவீங்க. கோவப்பட்டாத்தான பெட்டியத் தேடுவீங்க."

குழந்தைசாமி மெதுவாக உட்கார்ந்தான். ஆணியில் ஆடிய சாவி ஞாபகம் வந்தது. குறட்டையும் ஞாபகம் வந்தது. இருபத்திநாலு வருஷத்தில் மணிமேகலை குறட்டை விட்டு அவன் கேட்டதே இல்லை.

"அந்தச் சீட்டு..."

"அத வெள்ளிக்கிழமை கூட்டத்துல போடல. சனிக்கிழமை காலையில நான்தான் போய் எல்லாத்துக்கும் மேல வச்சேன். வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க. நேர்ல சொன்னா உங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் கரகரங்கும்."

"இந்த யோசனையெல்லாம் ஒனக்கு எப்படிடி...?"

"எனக்கு எங்க வந்துச்சு? ஆச்சி டீச்சர் சொன்னது. அவங்க ஊர்லயும் ஒரு புருஷன் கேள்விப் பெட்டிய ஒடைக்கணும்னு குதிச்சாராம். அந்தம்மா இப்படித்தான் ஒரு சீட்ட உள்ள வச்சுட்டுக் கதவத் தெறந்து விட்டுச்சாம். அருள்மணிதான் தமிழ்ல சொன்னா. புருஷன்மாரு விசயத்துல எல்லா நாடும் ஒண்ணுதாங்கன்னும் சொன்னா."

ஆறு நாடு கூடிப் பாடம் எழுதியது பிள்ளைகளுக்கு மட்டும் என்று இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான்.

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். மீன் வாடை இன்னும் போகவில்லை. மடிப்பை நீவி முழங்கால் மேல் வைத்தான். கரகர சத்தம் வரும் என்று அவளும் காத்திருந்தாள். வரவில்லை.

"எங்கிட்டத்தான்" என்றான்.

"என்ன? காதுல விழல."

"யார்ட்ட சொல்லியிருக்கணும்னு கேட்டியே. எங்கிட்டத்தான். நீ சரியாத்தான் சொல்லியிருக்க. நான்தான் கேக்கல."

மணிமேகலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அழுது அவன் பார்த்து இருபத்திமூணு வருஷம் ஆகியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் எழுந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி, உத்திரத்துக் கொக்கியிலிருந்து ஒயர்ச் சுருளை இறக்கினான். துருப்பிடித்த கொக்கி தனியாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"எப்படிடி இருந்துச்சு அந்தப் பிள்ள?" என்று கேட்டான், ஸ்டூல் மேல் நின்றபடியே.

"உங்க மூக்கு" என்றாள். தன் தலையைத் தொட்டுக் காட்டி, "தலை நெறைய முடி" என்றாள்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போகிறவள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"இன்னொண்ணுங்க. இனிமே திருடப் போனா பூட்டை அமுக்கிட்டு வாங்க. சனிக்கிழமை கதவ ஆன்னு தெறந்து போட்டுட்டு வந்துட்டீங்க. நீங்க படியப் பிடிச்சுக்கிட்டு அழுது முடிக்கிற வரைக்கும் வெளிய வெயில்ல நின்னுட்டு, நான்தான் பூட்டிட்டு வந்தேன்."